ஜவ்வுக்கு எந்தத் தையல் கெட்டி?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. எஸ்டேட் டீமில் புட்பால் ஆடும்போது வலது முழங்கால் திருகிக்கொண்டது. ஸ்கேன் எடுத்ததில் முன் ஜவ்வு முழுசாக அறுந்திருக்கிறது. தேனியில் பார்த்த டாக்டர், தொடையிலிருந்து நரம்பு எடுத்து விப் தையல் போட்டு வைப்போம் என்றார். கோவையில் பார்த்தவர் கிராக்கோ தையல்தான் போடுவேன் என்கிறார். எது விட்டுப்போகாமல் இருக்கும்?
ஒரு தாய், சூரியநெல்லி, இடுக்கி மாவட்டம்

பதில்: அம்மா, எடுக்கப்போவது நரம்பு இல்லை, தசைநாண். தசையை எலும்போடு கட்டுகிற வெள்ளை நார். தொடையின் பின்பக்கத்திலிருந்து உருவி எடுத்தால் ஏறக்குறைய ஒரு அடி நீளம், நனைத்த வாழைநார் போல இருக்கும். தியேட்டரில் ஓரமாக ஒரு மேசை போட்டு, அதில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, நுனிகளைத் தைத்து, நாலாக மடிப்போம். ஈரநார் பிடித்தால் வழுக்கும். பிடித்து இழுக்க ஒரு பிடிமானம் வேண்டும். அதற்குத்தான் தையல்.

விப் தையல், சாக்கின் வாயைக் கோணூசியால் தைப்பது மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும். சீக்கிரம் முடியும். பலமாக இழுத்தால் நூல் நாரை நீளவாக்கில் அறுத்துக்கொண்டு நழுவ இடமுண்டு. கிராக்கோ தையல், அமெரிக்க எலும்பு மருத்துவர் கென்னத் கிராக்கோவும் சகாக்களும் 1986இல் வெளியிட்டது. பூக்கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றும் காம்பைப் பூட்டிக்கொண்டு போகும், இழுக்க இழுக்க இறுகும். ஆனால் ஊசி அதிக தடவை நாருக்குள் போகும், நேரமும் பிடிக்கும்.

மாடு, பன்றி ஆகியவற்றின் தசைநாண்களை இயந்திரத்தில் இழுத்துப் பார்த்த சோதனைகள் நிறைய உண்டு. கிராக்கோ போன்ற பூட்டுத் தையல் குறைவாக நீள்கிறது என்று சில சொல்கின்றன. பெரிய வித்தியாசமில்லை என்று சில. நான் இரண்டும் போடுகிறேன். சுற்றுகள் ஒரே இடைவெளியில், ஒரே இறுக்கத்தில் விழுந்திருக்கின்றனவா என்பதைத்தான் கவனிக்கிறேன். தைத்து முடித்ததும் நாரைப் பலகையில் மாட்டி இழுத்து வைப்போம். தளர வேண்டியது அங்கேயே தளர்ந்துவிட வேண்டும், காலுக்குள் போய்த் தளரக் கூடாது.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "கீழ் எலும்பில் நாரை எதை வைத்துப் பிடிக்கிறீர்கள்?" துளைக்குள் ஸ்குரூ முடுக்கினால் நாரை நெரித்துப் பிடிப்பது அந்த ஸ்குரூ, தையல் நூல் இழுத்துக் கொடுப்பதோடு சரி. நூலையே எலும்பின் வெளிப்பக்கம் வைக்கிற பட்டனிலோ எலும்பில் அடித்த ஸ்குரூவிலோ கட்டினால் பாரமெல்லாம் தையல் மேல்தான். அப்போது பூட்டுத் தையல் போடுங்கள் என்று நானே சொல்வேன். அடுத்து, மடித்த நாரின் பருமன். 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இளவயதுக்காரர்களுக்கு மறுபடி அறுகிற ஆபத்து கூடும். மெலிந்த உடம்பென்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

எந்தத் தையலானாலும் அதன் வேலை சுமார் மூன்று மாதம்தான். அதற்குள் நார் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பயமெல்லாம் அதற்குப் பிறகுதான். வலி போய்விடும், வீக்கம் வடிந்துவிடும். உள்ளே இருக்கும் நாரோ இன்னும் ஜவ்வாக மாறி முடிந்திருக்காது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு நானே கிராக்கோ போட்டேன். நாலாம் மாதம் ஊரில் செவன்ஸ் புட்பால் பந்தயம் என்று இறங்கிவிட்டான். துள்ளிக் குதித்து ஊன்றிய கால் அப்படியே மடங்கியது. திறந்து பார்த்தபோது தையல் போட்ட இடம் அசையாமல் இருந்தது, நார் நடுவில் பிய்ந்திருந்தது. அவனை நான் இன்னும் கண்டிப்பாக எச்சரித்திருக்க வேண்டும். ஒன்பது மாதம் முடிகிறவரை பந்து கிடையாது. அதன் பிறகும் வலது தொடையின் பலத்தை இடது தொடையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விட வேண்டும்.

அதனால், தேனியா கோவையா என்று தையலை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு முறை போய்வர எது தோதோ அங்கே செய்யுங்கள். போடிமெட்டு இறங்கி வருவது உங்களுக்குச் சுலபமென்றால் தேனியே போதும். இன்னொன்று, சரிவில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குப் பாரம், அதுவும் முதுகில் மருந்து டாங்க் இருந்தால். லேசான வேலைதான் செய்யலாம் என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறேழு மாதத்துக்காவது பேக்டரியில் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேட்டுப் பாருங்கள்.