எலுமிச்சை கிரில் சிக்கன்: 315 ரூபாய் பார்சலா, 175 ரூபாய் தோசைக்கல்லா?

போன வாரம் வீடியோவுல தோசைக்கல்லுல எலுமிச்சை கிரில் சிக்கன் போட்டுக் காட்டினேன். "அண்ணா, இது பணம் பத்தின சேனலா, சமையல் சேனலா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. வீடியோவுல சொல்ல நேரம் இல்லாத கணக்கை இங்கே முழுசா எழுதறேன். படிச்சு முடிச்சதும் இது எந்த சேனல்னு நீங்களே சொல்லுங்க.

முதல்ல என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதுசு. வீடு ப.வேலூர், வேலை கரூர். தினமும் பைக்ல காவிரிப் பாலம் தாண்டிப் போய், ராத்திரி ஏழரை, எட்டு மணிக்கு திரும்பி வருவேன். வர்ற வழியில கிரில் அடுப்பு சுத்திக்கிட்டிருக்கும். அந்த வாசனைக்கு வண்டி தானா நிக்கும். ஒரு மாசக் கடைசியில யுபிஐ ஸ்டேட்மென்ட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பார்சல். மொத்தம் 2,835 ரூபாய்.

அதே மாசம் என் பைக் இன்சூரன்ஸ் முடிஞ்சிருந்தது. "கையில காசு இல்லை, சம்பளம் வரட்டும்"னு பத்து நாள் தள்ளிப் போட்டேன். அந்தப் பத்து நாளும் காப்பீடு இல்லாமலேயே தேசிய நெடுஞ்சாலை 44-ல போய்ட்டு வந்தேன். மாட்டியிருந்தா முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம். அதுகூட பரவாயில்லை. யார் மேலயாவது மோதியிருந்தா நஷ்ட ஈடு முழுக்க என் தலையில விழுந்திருக்கும். காசு இல்லாம இல்லை. ஒன்பது பொட்டலமா போயிருந்தது, அவ்வளவுதான்.

கிரில் சிக்கன் சாப்பிடாதீங்கன்னு நான் சொல்ல வரலை. அதை எப்போ முடிவு பண்றீங்கங்கிறதுதான் விஷயம்.

பார்சல் உண்மையில எவ்வளவு?

"அரை கிரில் 230 ரூபாய்தானே"ன்னு நினைப்போம். ஆனா கிரில் தனியா வீட்டுக்கு வராது. இரண்டு பேருக்கான என் பழைய பில் இது:

- அரை கிரில்: 230
- பரோட்டா 2: 30
- கூல் டிரிங்க்ஸ்: 40
- பேக்கிங், வரி: 15
- மொத்தம்: 315 ரூபாய்

கோவை, சென்னை, பெங்களூருன்னு ரூம் எடுத்து இருக்கிறவங்களுக்கு இதோட டெலிவரி கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம் சேரும். ஆப்ல போட்டிருக்கிற விலையே கடை விலையைவிட கூடுதலா இருக்கிறதும் உண்டு. ஒரு தடவை கடை மெனு கார்டையும் ஆப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

வீட்டுல செஞ்சா எவ்வளவு?

இதுவும் இரண்டு பேருக்கு. விலை எல்லாம் கணக்குக்காக வெச்சது. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்க.

- கறி அரைக் கிலோ (கிலோ 240): 120
- எலுமிச்சை 2: 10
- சாத்துக்குடி பாதி: 10
- தயிர்: 5
- இஞ்சி பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள், எண்ணெய், வெல்லம்: 10
- கேஸ்: 5
- சப்பாத்தி மாவு, வெங்காயம், வெள்ளரி: 15
- மொத்தம்: 175 ரூபாய்

வித்தியாசம் 140 ரூபாய். இதுல என் நேரத்துக்கு விலை போடலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல எனக்கு யாரும் சம்பளம் தர்றதில்லை, அதனால மணிக்கு இவ்வளவுன்னு போடுறது பொய்க் கணக்கு. ஆனா உடம்பு அசதி உண்மை. அதுக்கு கீழே ஒரு வழி சொல்றேன்.

கறி வாங்கும்போது கவனிக்க வேண்டியது

நாமக்கல்னா கோழின்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நாமக்கல் முட்டைக்குப் பேர் போன ஊர். முட்டை ஒருங்கிணைப்புக் குழு தினமும் அறிவிக்கிற நாமக்கல் விலை முட்டைக்கானது. கறிக்கோழிக்கு பல்லடம் விலையைப் பார்க்கணும். ரெண்டுமே பேப்பர்ல வரும். பேப்பர்ல போடுற கறிக்கோழி விலை பண்ணையில உயிரோட இருக்கிற எடைக்கு. "பேப்பர்ல இவ்வளவு கம்மியா போட்டிருக்கு, கடைக்காரர் ஏமாத்துறார்"னு சண்டைக்குப் போயிடாதீங்க.

தோல் உரிச்சு சுத்தம் பண்ணினா, உயிர் எடையில சுமார் 65 முதல் 70 சதவீதம்தான் கறியா நிக்கும். உதாரணத்துக்கு, கடையில உயிர் எடை கிலோ 150 ரூபாய்னு வெச்சுக்குவோம். இரண்டு கிலோ கோழி 300 ரூபாய். கையில வர்ற கறி 1.3 முதல் 1.4 கிலோ. அப்படின்னா கறி கிலோ 214-ல இருந்து 231 ரூபாய் ஆகுது. பக்கத்துக் கடையில கறியா 240-ன்னா, பெரிய வித்தியாசம் இல்லை. அரைக் கிலோ மட்டும் தேவைன்னா கறியா வாங்கறதே புத்திசாலித்தனம்.

புரட்டாசியில நிறைய வீடுகள்ல கவிச்சி கிடையாது, விலையும் பொதுவா இறங்கும். விரதம் இல்லாதவங்க அப்போ கூடுதலா வாங்கி ஃப்ரீசர்ல வைக்கலாம். எலுமிச்சை நேர்மாறு: வெயில் ஏற ஏற விலையும் ஏறும். அப்போ சாத்துக்குடியைக் கூட்டி எலுமிச்சையைக் குறைச்சுக்கோங்க.

செய்முறை: ஞாயித்துக்கிழமை 15 நிமிஷம், வார நாள்ல ஒரு மணி நேரம்

*ஞாயிறு காலை.* ஒரு கிலோ தொடைக்கறி வாங்குங்க. நெஞ்சுக்கறி தோசைக்கல்லுல சீக்கிரம் காய்ஞ்சு போகும். புதுசா செய்றவங்களுக்குத் தொடைதான் நல்லது. ஆழமா கீறி விட்டு, இரண்டு அரைக் கிலோவா பிரிங்க. ஒவ்வொரு பங்குக்கும்: உப்பு முக்கால் டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், தயிர் இரண்டு டேபிள்ஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு எலுமிச்சையோட மஞ்சள் தோல் துருவல்.

பழத்தோட வாசனை எண்ணெய் தோல்லதான் இருக்கு. கேரட் துருவியில லேசா தேய்ச்சா போதும். வெள்ளைப் பகுதி வந்தா கசக்கும். துருவின பழத்தை டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க, சாறு பின்னாடி வேணும்.

இப்போ சாறு ஊத்தக் கூடாது. நிறைய பேர் தப்பு பண்றது இங்கேதான். எலுமிச்சைப் புளிப்பு கறியோட மேல்பக்கத்தை நெருப்பு இல்லாமலேயே வேக வைக்கிற மாதிரி மாத்திடும். அரை மணி நேரம் ஊறினா ருசி. ராத்திரி முழுக்க ஊறினா மேலே மாவு மாதிரி ஆயிடும், உள்ளே சாரம் இருக்காது. உப்பும் மசாலாவும் முன்னாடி, சாறு கடைசியில.

திங்கள் அல்லது செவ்வாய்க்கு ஒரு பங்கு ஃபிரிட்ஜ்ல, கீழ்த் தட்டுல, மூடி வெச்சு. வியாழனுக்கு ஒரு பங்கு ஃப்ரீசர்ல. புதன் ராத்திரி அதை எடுத்து கீழ்த் தட்டுக்கு மாத்திட்டு படுங்க.

*வார நாள் சாயங்காலம்.* வீட்டுக்கு வந்ததும், சட்டையை மாத்தறதுக்கு முன்னாடி, எடுத்து வெச்ச எலுமிச்சையைக் கறியில பிழிங்க. எவர்சில்வர் இல்லைன்னா கண்ணாடிப் பாத்திரம், அலுமினியம் வேண்டாம். நீங்க குளிச்சு, மாவு பிசைஞ்சு முடிக்க அரை மணி நேரம் ஆயிடும்.

தோசைக்கல் நல்லா காயட்டும். ஒட்டியிருக்கிற மசாலாவை வழிச்சு விட்டு, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்க. மிதமான தீ. மூடி போட்டு, அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்புங்க. எலும்போட இருந்தா மொத்தம் 25 நிமிஷம் ஆகும். தடிமனான இடத்துல கத்தியால குத்தினா வர்ற நீர் தெளிவா இருக்கணும், எலும்பு ஓரம் சிவப்பு இருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தா உள்ளே 74 டிகிரி செல்சியஸ்.

கடைசி இரண்டு நிமிஷம் மூடியை எடுத்துட்டு, அப்போ பிழிஞ்ச சாத்துக்குடிச் சாறு மூணு டேபிள்ஸ்பூன்ல ஒரு டீஸ்பூன் வெல்லத்தூளைக் கரைச்சு மேலே ஊத்துங்க. சாத்துக்குடியை முன்கூட்டியே பிழிஞ்சு வெச்சா கசந்துடும். ரெசிப்பியில தேன்னு போட்டிருக்குன்னு பாட்டில் வாங்க ஓடாதீங்க. நம்ம பக்கத்துல பிலிக்கல்பாளையத்துல வெல்ல ஏலமே நடக்குது. முன்னாடியே ஊத்தினா வெல்லம் கருகும், அதனால கடைசியில. அடுப்பை அணைச்சு அஞ்சு நிமிஷம் விட்டு, இன்னொரு எலுமிச்சையில பாதி பிழிஞ்சு, வாழை இலையில வைங்க. மீதிப் பாதியைத் தட்டு ஓரத்துல வெங்காயத்தோட வைங்க.

பச்சைக் கறி ஊறின மசாலாவை சாஸ் மாதிரி மேலே ஊத்தாதீங்க. வேணும்னா தனியா கொதிக்க வெச்சுட்டு ஊத்துங்க.

"ஒரு ஓடிஜி வாங்கிடலாமே?"

வீடியோவுக்குக் கீழே அதிகம் வந்த கேள்வி இது. 6,000 ரூபாய் ஓடிஜின்னு வெச்சுக்குவோம். ஒரு சாப்பாட்டுக்கு 140 மிச்சம்னா, போட்ட காசு திரும்ப 43 தடவை சமைக்கணும். வாரம் இரண்டு தடவைன்னா அஞ்சு மாசம். அதுக்குள்ள அது மேல துணி மூடி, அதுக்கு மேல மிக்ஸி டப்பா ஏறாத வீடு எத்தனை?

"நோ காஸ்ட் இஎம்ஐ" கூட முழுசா இலவசம் இல்லை. வட்டியை தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க பில்லுல வரும். பிராசஸிங் கட்டணமும் இருக்கலாம். என் யோசனை: தோசைக்கல்லுல 20 தடவை செய்யுங்க. 20 தடவை தாண்டியும் ஆசை இருந்தா, அதுல மிச்சமான 2,800-ஐ முன்பணமா வெச்சு யோசிங்க.

மிச்சம் எங்கே போச்சு?

வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு 140. வருஷத்துக்கு 14,560 ரூபாய். கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்தக் காசு அக்கவுண்ட்டுலேயே கிடந்தா வேற எதுலயாவது கரையும். பார்சல் வாங்காத காசு சேமிப்பு ஆகாது. எடுத்து தனியா வெச்சாத்தான் சேமிப்பு.

அதனால சம்பளம் வந்த மறுநாளே 1,200 ரூபாய் ஆர்டிக்குப் போற மாதிரி ஆட்டோ டெபிட் போடுங்க. 6.5 சதவீத வட்டின்னா ஒரு வருஷத்துல ஏறக்குறைய 14,900 கையில இருக்கும். இதை வெச்சு பணக்காரர் ஆக முடியாது. ஆனா பைக் இன்சூரன்ஸ், ஒரு டயர், திடீர்னு ஒரு ஆஸ்பத்திரி செலவு, இதுக்கெல்லாம் கடன் ஆப்பைத் திறக்க வேண்டியதில்லை. அவசர நிதியோட முதல் படி இதுதான்.

சாறு கடைசி, மசாலா முதல்ல. காசுலயும் அப்படித்தான்: சேமிப்பு முதல்ல, செலவு அப்புறம். எட்டு மணிப் பசியில எடுக்கிற முடிவுல எப்பவும் கிரில் கடைதான் ஜெயிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில, வயிறு நிறைஞ்சிருக்கும்போது முடிவு பண்ணிடுங்க.

அசதியான நாளுக்கு

மாசத்துக்கு இரண்டு பார்சல் பட்ஜெட்லயே எழுதி வைங்க: 630 ரூபாய். அந்த ரெண்டு நாள் குற்ற உணர்ச்சி இல்லாம சாப்பிடுங்க. முழுசா தடை போட்டா மூணாவது வாரம் உடையும், நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

இந்த வார வீட்டுப்பாடம்

1. போன மாச யுபிஐ ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் போன தொகையை மட்டும் கூட்டுங்க.
2. உங்க வண்டி இன்சூரன்ஸ் எந்தத் தேதியில முடியுதுன்னு இப்பவே பாருங்க.
3. ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ தொடைக்கறி, நாலு எலுமிச்சை.

முதல் கேள்விக்கு வந்த தொகையை கமெண்ட்ல போடுங்க. கூச்சப்படாதீங்க, என்னோடது 2,835. அடுத்த வாரம் ஆர்டியா, லிக்விட் ஃபண்டான்னு இதே மாதிரி கணக்கு போட்டுப் பார்ப்போம்.