ஒளியை முந்திய துகள்

ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அதனினும் விரைந்து பொருளோ செய்தியோ செல்லல் கூடுமோ? கூடாது என்பது 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்பியல் கொள்கையால் பெறப்படும் முடிபு. செய்தி ஒளியை முந்துமாயின், காண்போர் சிலர்க்கு அஃது அனுப்பப்படுமுன்னரே வந்து சேர்ந்ததாகத் தோன்றும். வித்திடுமுன் கதிர் விளைந்தாற்போலக் காரணமும் காரியமும் முறை பிறழும்.

2011 செப்டம்பர்த் திங்களில் இம்முடிபையே அசைக்கவல்ல செய்தியொன்று எழுந்தது. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தினின்று நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், இத்தாலி நாட்டின் கிரான் சாசோ மலையின் அடியிலுள்ள ஆய்வுக்கூடத்திற்குச் செலுத்தப்பெற்று வந்தன. இத்துகள்கள் பாறையையும் மண்ணையும் எளிதில் ஊடுருவுவன; ஆதலின் சுரங்கவழி ஒன்றும் வேண்டுவதில்லை. இடைத்தொலைவு 730 கிலோமீட்டர். 'ஓபெரா' என்னும் குழுவினர் மூன்றாண்டுகள் அளந்து, துகள்கள் ஒளியினும் 60 நானோநொடி முற்பட வருவதாகக் கண்டனர். ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கின் அவற்றுள் ஒன்றே நானோநொடி. துகளும் ஒளியும் ஒருங்கே புறப்பட்டால், துகள் வந்து சேரும்போது ஒளி 18 மீட்டர் பின்தங்கி நிற்கும் என்பது இதன் பொருள்.

ஐன்ஸ்டைன் வீழ்ந்தார் என்று பலர் பேசத் தலைப்பட்டனர். குழுவினரோ அவ்வாறு கூறினாரல்லர். பன்முறை ஆராய்ந்தும் பிழை புலப்படாமையால், பிறரும் ஆராய்க என்றே தம் கணக்கை வெளியிட்டனர். குழுவினருள்ளும் சிலர், இஃது அவசரச் செயல் எனக் கருதித் தம் பெயரைச் சேர்க்க உடன்படவில்லை. அவர்தம் ஐயம் பழுதன்று. 1987-இல் தொலைவிலுள்ள விண்மீன் ஒன்று வெடித்தது காணப்பட்டது. அதன் நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரமே முன்னர் வந்தன. ஒளி அவ்விண்மீனின் உள்ளிருந்து வெளிப்படத் தாழ்த்ததே அதற்குக் காரணம். ஓபெரா கண்ட விரைவு அவற்றிற்கும் உரியதாயின், நான்காண்டுகள் முன்னரே வந்திருத்தல் வேண்டும்.

பிழை எங்கிருந்தது? செயற்கைக்கோள்வழிப் பெற்ற காலக்குறிப்பை வெளியிலிருந்து நிலத்தடிக் கடிகாரத்திற்குக் கொணர ஒளியிழை வடம் ஒன்று இருந்தது. அதன் முனை செவ்வனே முடுக்கப்படவில்லை. அதனால் உட்புகுந்த ஒளி குன்றியது; குன்றவே, கருவி காலக்குறிப்பைத் தாழ்த்து உணர்ந்தது. கடிகாரம் பின்தங்கவே, துகள் முற்பட வந்ததாகத் தோன்றியது. ஒரு திருகு நெகிழ்ந்தமையால் உலகம் ஆறு திங்கள் திகைத்தது!

2012 மார்ச்சுத் திங்களில், அதே மலையடியில் 'இகாரசு' என்னும் வேறொரு குழுவினர் தாம் அளந்த கணக்கை வெளியிட்டனர்; துகள்கள் ஒளியின் விரைவினை ஒத்தே வரக் கண்டனர். அத்திங்களின் இறுதியில் ஓபெரா குழுவின் தலைமையில் இருந்தோர் இருவர் பொறுப்பினின்று விலகினர். சூன் திங்களில் ஓபெரா குழுவினரே திருத்திய கணக்கை வெளியிட்டனர். அதன்படி, துகள் ஒளியை முந்தவில்லை.