ஒப்பியல் அரசியலும் அதன் துணைக் கலைகளும்

ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் காலத்தில், அரசியலைப் பாடமாக ஏற்க விரும்பும் மாணவர் இரண்டு வினாக்களை எதிர்கொள்கின்றனர். இதனாற் பிழைப்புக்கு வழி உண்டோ என்பது வீட்டார் வினவுவது. நாள்தோறும் செய்தித்தாளில் வருவதைக் கல்லூரியிலும் படிக்க வேண்டுமோ என்பது நண்பர் வினவுவது. சட்டம், ஆசிரியத் தொழில், இதழ்ப்பணி, அரசாங்கத் தேர்வுகள் ஆகியவற்றுக்கு இப்பயிற்சி துணையாகும் என்பது முதல் வினாவுக்கு விடை. இரண்டாவது வினாவே ஆழ்ந்து நோக்கற்பாலது. செய்தித்தாள் நிகழ்ந்ததைக் கூறும். அது இங்கு இவ்வாறும், பிறிதோரிடத்தில் வேறாகவும் நிகழ்ந்ததற்குக் காரணம் யாது என ஆராய்வது ஒப்பியல் அரசியல் என்னும் கலையின் வேலை. அக்கலையைக் கற்கும் முறை இன்னது என்பதையும், அதனைத் தனியே கற்றல் போதாது என்பதையும் நம் மாணவருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கலை புதியதன்று. கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டிலும் அவர்தம் மாணவரும் 158 நகரங்களின் ஆட்சி முறைகளைத் திரட்டி எழுதினர் என்பது பழைய வரலாறு. அவற்றுள் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்திருப்பது ஏதென்ஸ் நகரத்தைப் பற்றியது ஒன்றே. அதுவும் எகிப்து நாட்டில் பாப்பிரசுத் தாளிற் கண்டெடுக்கப் பெற்று, 1891-இல்தான் அச்சேறிற்று. ஓர் ஊரின் ஆட்சியை அறிய வேண்டின், அவ்வூரை மட்டும் உற்று நோக்குதல் போதாது. பல ஊர்களை ஒரே வகையான வினாக்களால் ஆராய்தல் வேண்டும் என்பதே அம்முயற்சி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இப்பாடத்தைப் பயில நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைக்கு மேற்கே அயனம்பாக்கத்தில் வாழும் ஒரு மாணவர் தம் வீட்டு வாயிலிலிருந்தே இதனைத் தொடங்கலாம். அவ்வூரில் ஓர் ஏரி உண்டு. வடக்கேயுள்ள அம்பத்தூர் நெடுங்காலம் நகராட்சியாயிருந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. அப்பாலுள்ள ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. திருவேற்காடும் பூவிருந்தவல்லியும் 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் நகராட்சிகளாக வாக்களித்தன. அயப்பாக்கமோ 2019-இல் நடந்த ஊரகத் தேர்தலில் ஊராட்சியாகவே வாக்களித்தது. சில கல் தொலைவுக்குள், ஒரே மொழி பேசி, ஒரே மழையை எதிர்நோக்கி, ஒரே மாநிலச் சட்டமன்றத்துக்கு உட்பட்டு வாழும் மக்கள், மூவகை உள்ளாட்சிகளின் கீழ் இருந்து வந்துள்ளனர். ஒப்பியல் மாணவருக்கு இதனினும் நல்ல ஆய்வுக்கூடம் எளிதிற் கிடைப்பதன்று.

இனி, அவர் வினவ வேண்டுவன யாவை? மூன்று வினாக்கள் தொடக்கத்துக்குப் போதும். ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? ஆளத் தகுதியுடையவராகக் கருதப்படுபவர் யார்? ஆண்டு முடித்தவர் யாரிடம் கணக்கு ஒப்புவித்தல் வேண்டும்? இம்மூன்றையும் முதலில் ஒரு பழைய தமிழூரிடத்தும், பின்னர்ப் பழைய கிரேக்க நகரத்திடத்தும், இறுதியில் நம் காலத்து ஊர்களிடத்தும் கேட்டுப் பார்ப்போம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. ஒன்று ஏறத்தாழ கி.பி. 919-ஐயும், மற்றொன்று 921-ஐயும் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப் பெற்றிருந்தது. தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. உள்ளிருப்பது அறியாச் சிறுவன் ஒருவன் குடும்புக்கு ஓரோலையாக எடுத்தான். இவ்வாறு வந்த 30 பேருள் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் உரியராயினர். பதவிக் காலம் ஓராண்டே. தகுதியாவது யாதெனின், கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயதும் உடைமை. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவர்தம் உறவினரும், கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவரும் விலக்கப்பட்டனர்.

ஏதென்ஸ் நகரத்தில், கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில், ஐந்நூற்றுவர் அவை சீட்டு முறையாலேயே அமைந்தது. பத்துக் குலங்களிலிருந்து குலத்துக்கு 50 பேர் எடுக்கப்பட்டனர். வயது 30 நிரம்பியிருத்தல் வேண்டும். பதவிக் காலம் ஓராண்டு; வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அவ்வவையில் அமர்தல் கூடாது. பதவி ஏற்குமுன் தகுதி ஆராயப்பட்டது. பதவி முடிந்தபின் கணக்கு ஆராயப்பட்டது. ஆயினும் படைத்தலைவரை அவர்கள் சீட்டால் எடுக்கவில்லை, வாக்கினாலேயே தேர்ந்தனர்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்பொழுது நம் மாணவர் பலர் இரண்டு பிழைகளுள் ஒன்றில் வீழ்கின்றனர். குடவோலையைக் கண்டு, இன்றைய குடியாட்சி அனைத்தும் நம்மிடம் அன்றே இருந்தது எனப் பெருமிதம் கொள்வார் ஒரு சாரார். அஃது ஒரு வகுப்பார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடே, அதிற் கற்பதற்கு யாதுமில்லை எனத் தள்ளுவார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒப்பு நோக்கவில்லை என்பதே நம் கருத்து. உத்திரமேரூர் பிரமதேயம், அதன் சபை அந்தணர் சபை. நிலமற்றாரும், பிற வகுப்பாரும், பெண்டிரும் குடத்துக்குள் இடம் பெறவில்லை. ஏதென்ஸிலோ பெண்டிரும், அடிமைகளும், அயலூரிலிருந்து வந்து குடியேறியவரும் அவ்வாறே விலக்கப்பட்டிருந்தனர். ஆகவே, யாரை உள்ளே விட்டனர் என்னும் வினாவில் இரண்டும் இன்றைய அளவுகோலுக்குக் குறைந்தன. எவ்வாறு கட்டுப்படுத்தினர் என்னும் வினாவிலோ இரண்டும் நம்மை நாணச் செய்யும் கூர்மையுடையன. குறுகிய பதவிக் காலமும், மாறி மாறி வரும் முறையும், கணக்கு ஒப்புவிக்கும் கடமையும் கடலால் பிரிக்கப்பட்ட இரண்டிடங்களிலும் தோன்றின. ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்தது என்பதற்குச் சான்றில்லை. பதவியில் நிலைத்திருப்பவர் ஊரைத் தமதாக்கிக் கொள்வர் என்னும் அச்சம் இரண்டிடத்தும் இருந்தது என்றே கொள்ளலாம். ஒப்பு நோக்கல் செருக்கையும் தணிக்கும். தாழ்வு மனத்தையும் போக்கும். அதனை நாம் கற்க வேண்டுவதன் முதற்பயன் இதுவேயாம்.

இங்கு மற்றொன்றும் கருதுக. உத்திரமேரூரைப் பற்றி இவ்வளவும் நாம் கூறுவது அரசியல் நூலார் ஒருவரால் மட்டும் கிடைத்ததன்று. கல்வெட்டுகளைப் படியெடுத்தோர், அவற்றின் சொற்களுக்குப் பொருள் கண்டோர், சோழர் வரலாற்றை எழுதினோர் ஆகிய பலர் உழைப்பின் பயன் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுப் பேராசிரியராயிருந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் ஆராய்ச்சிகளை 1932-இல் நூலாக வெளியிட்டார். அப்பல்கலைக்கழகமே 1937-இல் பொது நிர்வாகத்துக்குப் பட்டயப் படிப்பொன்றைத் தொடங்கிற்று. வரலாற்றுத் துறையும் நிர்வாகத் துறையும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து வளர்ந்தமை தற்செயலாயினும், மாணவருக்கு அதில் ஒரு குறிப்பு உண்டு. வாரியம் என்னும் சொல்லின் பொருளை அறியாதவன் அதன் ஆட்சியையும் அறியான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். அரசமைப்பின் 73-ஆம், 74-ஆம் திருத்தங்கள் 1992-இல் நிறைவேறி, 1993-இல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. இப்பொழுது உள்ளாட்சிப் பதவிக்கு நிற்க வயது 21 போதும். நிலமும் வீடும் வேண்டுவதில்லை. பெண்டிருக்குப் பாதி இடங்களை ஒதுக்கச் சட்டம் 2016-இல் செய்யப்பட்டது. தகுதி என்னும் வாயில் அகலத் திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. தேர்ந்தெடுக்கும் முறையிலோ ஊருக்கும் நகருக்கும் வேற்றுமை உண்டு. 2019-இல் ஊராட்சித் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தனர். 2022-இல் நகராட்சித் தலைவரையும் மேயரையும் மன்ற உறுப்பினரே தேர்ந்தனர். சென்னை மாநகராட்சியின் மேயரை 2006-இல் உறுப்பினரும், 2011-இல் மக்களும், 2022-இல் மீண்டும் உறுப்பினரும் தேர்ந்தமையும் நினைவிற்குரியது.

இவ்வேற்றுமையால் விளைவது யாது? மக்களால் நேராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் மன்றத்துக்கு அஞ்சாது செயலாற்றுவாரா, அல்லது மன்றத்தோடு மாறுபட்டு வேலை தடைப்படுமா? உறுப்பினர் தேர்ந்த தலைவர் இணக்கமாய் நடத்துவாரா, அல்லது கட்சிக்கு மட்டும் கட்டுப்படுவாரா? ஊகத்தால் விடை கூறுதல் எளிது. ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர் 1843-இல் வெளியிட்ட தருக்க நூலில், மற்றெல்லாம் ஒத்து ஒன்றில் மட்டும் வேறுபடும் இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுக் காரணம் காணும் வழியை விளக்கினார். அவரே அவ்வழி அரசியலில் முற்றும் செல்லாது என்றும் எச்சரித்தார். ஏனெனில் இரண்டு சமுதாயங்கள் ஒன்றில் மட்டும் வேறுபடுதல் அரிது. அயப்பாக்கமும் பூவிருந்தவல்லியும் தேர்தல் முறையில் மட்டுமோ வேறுபடுகின்றன? வரி வருவாயும், மக்கள் தொகையும், அதிகாரிகளின் எண்ணிக்கையும் வேறுபடுகின்றனவே. இவற்றைப் பிரித்தறியப் பொருளியலும் புள்ளியியலும் வேண்டும். எண்ணை அஞ்சும் அரசியல் மாணவர் பாதி வழியிலேயே நின்றுவிடுவர்.

ஏரியைக் குறித்த வினாவுக்கும் இவ்வாறே பல கலைகள் வேண்டும். உத்திரமேரூரில் ஏரிக்கு ஆறு பேர் பொறுப்பாளர். அவர் பெயர் ஊரறியும். ஓராண்டு முடிவில் அவர் கணக்குக் காட்டினர். நம் காலத்தில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பாசனமுடைய ஏரிகள் மாநில அரசின் நீர்வளத் துறையிடமும், சிறியன ஊராட்சி ஒன்றியத்திடமும் இருத்தல் பொது வழக்கு. கரைக்கு வெளியேயுள்ள தெருவும் வடிகாலும் உள்ளாட்சியின் பொறுப்பு. தண்ணீர் இவ்வெல்லைகளை அறியாது. வயல்கள் மனைகளான பின் பாசனத்துக்கென அமைந்த ஏரி வெள்ளத்தைத் தாங்கும் கலமாகிறது. அதற்கேற்பப் பொறுப்பு மாறியதா என்பது அயனம்பாக்கத்து மாணவர் ஆராயத்தக்க வினா. அதற்குச் சட்டம் வேண்டும். நில நூல் வேண்டும். பழைய வரிப் பதிவேடுகளைப் படிக்கும் பொறுமையும் வேண்டும்.

அரசமைப்பை மட்டும் படிப்பதன் குறைபாட்டை இலங்கையின் வரலாறு நன்கு காட்டும். டொனமூர் ஆணையத்தின் பரிந்துரையால் 1931-இல் இலங்கையில், 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் பொது வாக்குரிமை வந்தது. அதே பேரரசின் கீழிருந்த சென்னை மாகாணத்திலோ 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் சொத்து, வரி, கல்வி முதலிய தகுதியுடையாரே வாக்களித்தனர். இந்நாட்டு மக்கள் அனைவரும் வாக்களித்தது 1951-52-ஆம் ஆண்டுகளின் முதற் பொதுத் தேர்தலில்தான். இவ்வளவோடு நிறுத்தினால் இலங்கை இருபது ஆண்டுகள் முற்பட்டது எனத் தேர்வுத்தாளில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949-ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழருள் பெரும்பாலாரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அவர்தம் முன்னோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து சென்றதற்குக் காரணம் பொருளியலில் உள்ளது; அவர் உரிமை இழந்ததன் வழி சட்டத்தில் உள்ளது; அதன் பின்விளைவு வரலாற்றில் உள்ளது. வாக்குரிமையின் அளவை மட்டும் ஒப்பிட்டவர், குடி யார் என்னும் முன் வினாவை மறந்தவராவர்.

ஆகவே, இக்கலையைக் கற்கப் புகும் மாணவருக்கு நாம் கூறுவன சில. முதலாவது, வினா சிறிதாயிருக்கட்டும். குடியாட்சி சிறந்ததா என்று தொடங்காது, இரண்டு ஊர்களின் கணக்கு மக்கள் முன் எவ்வாறு வைக்கப்படுகிறது என்று தொடங்குக. இரண்டாவது, எல்லா இடத்தும் ஒரே வினாவைக் கேட்க. நம்மூரிடம் எளிய வினாவும் அயலூரிடம் கடிய வினாவும் கேட்பது ஒப்பியலன்று. மூன்றாவது, மூலத்தை நாடுக. சாசனத்தையும், சட்டத்தையும், வரவு செலவு அறிக்கையையும் நேரே படிக்க. கிராம சபை கூடும் நாளில் சென்று அமர்ந்து கேட்க. நான்காவது, முதலில் தோன்றிய காரணத்தோடு அமையாது, அதற்கு மாறான காரணம் ஒன்றையும் எழுதி இரண்டையும் சீர்தூக்குக. ஐந்தாவது, அரசியலோடு வரலாறு, பொருளியல், புள்ளியியல் ஆகிய மூன்றனுள் ஒன்றையேனும் துணைப் பாடமாகக் கொள்க. தமிழன்றி மற்றுமொரு மொழியையும் ஆவணம் படிக்கும் அளவுக்கேனும் கற்க. ஆறாவது, ஆங்கில நூலிற் கற்றதைத் தமிழில் எழுதிப் பார்க்க. தம் வீட்டார்க்கு விளங்கும்படி ஒன்றைச் சொல்ல இயலாதவர் அதனை முற்ற உணர்ந்தவர் ஆகார்.

இப்பழக்கம் படிந்த மாணவர் பின்னர் எத்தொழிலை மேற்கொண்டாலும், ஓர் ஆட்சி முறையைப் புகழும் குரலையும் இகழும் குரலையும் கேட்ட அளவில் நம்பார். எதனோடு ஒப்பிட்டுக் கூறுகின்றீர், யாரை விட்டுவிட்டுக் கூறுகின்றீர், கணக்கு எங்கே உள்ளது என மூன்று வினா வினவுவார். இவ்வாறு வினவும் இளைஞர் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பின், அவ்வூர் மன்றத்தார் கணக்கை முன்னரே எழுதி ஆயத்தமாக வைத்துக் கொள்வர். நம் கல்லூரி அவ்விளைஞரைத் தருமாயின், அரசியலைப் பாடமாக வைத்ததன் பயன் நிறைவுறும் என்பது நம் துணிபு.