நீரோட்டம் காட்டும் கவைக்கோல்

கோடைக்காலம். தக்காணப் பீடபூமியில் உள்ள ஒரு வயலில் பழைய கிணறு வறண்டுவிட்டது. ஆழ்துளைக் கிணறு அமைப்பதற்காக உழவர் கடன் வாங்கியிருக்கிறார். எங்கே துளையிடுவது என்பதுதான் அவர்முன் உள்ள வினா. தவறான இடத்தில் துளையிட்டால் வெளிவருவது கல்தூள் மட்டுமே. கடனோ அப்படியே நிற்கும். ஆகவே, அவர் அக்கம்பக்கத்தில் பெயர்பெற்ற நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருகிறார்.

வந்தவர் வேப்பமரத்தில் கவட்டை வடிவக் கிளை ஒன்றை ஒடித்துக்கொள்கிறார். உள்ளங்கைகள் வானத்தை நோக்கியிருக்க, கவட்டையின் இரு முனைகளையும் பற்றி, நுனியை முன்னே நீட்டியபடி மெல்ல நடக்கிறார். ஓரிடத்தில் கோல் சட்டெனக் கீழ்நோக்கி வளைகிறது. அங்கே ஓர் அடையாளக் கல் நடப்படுகிறது. சிலர் கோலுக்கு மாற்றாக உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி நடப்பர். நீருள்ள இடத்தில் அது எழுந்து நிற்கும் என்பர். வேறு சிலர் 'எல்' வடிவில் வளைத்த இரண்டு செப்புக் கம்பிகளை ஏந்திச் செல்வர். இக்காட்சியை இந்தியாவின் பல மாநிலங்களில் இன்றும் காணலாம்.

நிலத்தடி நீரைத் தேடும் கலை நம் நாட்டில் மிகப் பழமையானது. கிணறு தோண்டத்தக்க இடம் அறிந்தோரைக் 'கூவநூலோர்' என்று தமிழ் நிகண்டுகள் வழங்குகின்றன. கூவம் என்பது கிணறு. கி.பி. 6 ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் வடமொழியில் இயற்றிய பிருகத் சம்கிதையில் நிலத்தடி நீரைப் பற்றித் தனி இயலே உள்ளது. எந்த மரத்தின் அருகே கரையான் புற்று இருந்தால், எத்திசையில், எத்தனை ஆள் ஆழத்தில் நீர் கிடைக்கும் என்று அது விரிவாகக் கூறுகிறது. அதன் கணிப்புகள் எல்லாம் சரியானவை அல்ல. ஆயினும் அவை கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்க அடையாளங்கள்.

கவைக்கோலைப் பற்றிய தெளிவான எழுத்துச் சான்று ஐரோப்பாவில் கிடைக்கிறது. செருமனி நாட்டு அறிஞர் அகிரிகோலா எழுதிய சுரங்கவியல் நூல் 1556 இல் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர் கவைக்கோலுடன் மலைச்சரிவில் நடப்பதை அந்நூலின் படம் ஒன்று காட்டுகிறது. அவர்கள் தேடியது நீரை அன்று. வெள்ளி, செம்பு முதலிய கனிமங்களை. ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒவ்வொரு மரத்தின் கோல் வேண்டும் என்று அவர்கள் நம்பினர். அகிரிகோலா அதனை ஏற்கவில்லை. தொழில் அறிந்தவனுக்குக் கோல் தேவையில்லை, நிலத்தின் இயற்கை அடையாளங்களே போதும் என்பது அவர் முடிவு.

கோலின் மீது வைத்த நம்பிக்கை ஒருமுறை மனித உயிர் வரை சென்றது. 1692 இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஒரு மது வணிகரும் அவர் மனைவியும் கொலை செய்யப்பட்டனர். குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க இயலாத அதிகாரிகள், ழாக் எமார் என்ற குடியானவரை வரவழைத்தனர். அவர் கோலை ஏந்தி, ரோன் ஆற்றின் வழியே வெகுதொலைவு சென்று, போக்கேர் என்னும் ஊரின் சிறைச்சாலையை அடைந்தார். அங்கே சிறு திருட்டுக்காகப் பிடிபட்டிருந்த, முதுகு கூனிய இளைஞன் ஒருவன்முன் கோல் அசைந்தது. முதலில் மறுத்த அவன், பின்னர்க் குற்றத்தில் தனக்குப் பங்குண்டு என ஒப்புக்கொண்டான். அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. எமாரின் புகழ் நாடெங்கும் பரவியது.

மறு ஆண்டு கோந்தே இளவரசர் எமாரைப் பாரிசுக்கு அழைத்துச் சோதித்தார். தோட்டத்தில் குழிகள் தோண்டி, பொன், வெள்ளி, செம்பு, வெறுங்கற்கள் ஆகியவற்றைப் புதைத்து மூடினர். எதில் எது உள்ளது என்பதை எமாரின் கோலால் சொல்ல இயலவில்லை. தண்டனைக்குமுன் நடந்திருக்க வேண்டிய சோதனை தண்டனைக்குப்பின் நடந்தது!

அவ்வாறாயின், கோல் ஏன் அசைகிறது? பிடித்திருப்பவர் ஏமாற்றுகிறாரா? பெரும்பாலும் இல்லை. இதற்கான விடையைத் தேடியவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரேல். அவர் நூலில் கட்டிய இரும்பு வளையம் ஒன்றைப் பாதரசத்தின் மேல் தொங்கவிட்டார். கை அசையாதபோதும் வளையம் ஊசலாடியது. இடையே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்ததும் நின்றது. வேறொருவராயின் பாதரசத்தின் ஆற்றல் மெய்ப்பிக்கப்பட்டது என்று மகிழ்ந்திருப்பார். செவ்ரேல் தம்மையே ஐயுற்றார். கையை ஒரு தாங்கியின் மீது ஊன்றிப் பார்த்தார், ஊசல் தளர்ந்தது. பின்னர்த் தம் கண்களைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை வைப்பதையும் எடுப்பதையும் பிறரிடம் விட்டார். இப்போது கண்ணாடியால் எந்த மாற்றமும் நிகழவில்லை. 'இப்போது அசையும்' என்ற எண்ணமே, அவர் அறியாமல் அவர் விரல்களை அசைத்திருந்தது. இதனை அவர் 1833 இல் வெளியிட்டார். 1852 இல் ஆங்கில மருத்துவர் கார்ப்பெண்டர், எண்ணத்தால் எழும் இத்தகைய அசைவுக்குத் தனிப்பெயர் சூட்டினார்.

கவைக்கோலைப் பிடிக்கும் முறையும் இதற்குத் துணைசெய்கிறது. முனைகளை வெளிப்புறமாக வளைத்துப் பிடிக்கையில், கோல் வில்லைப்போல் விறைத்து நிற்கிறது. மணிக்கட்டு நூலளவு திரும்பினாலும் அது துள்ளி வளையும். ஆகவேதான் கோல் தானாக இழுத்தது என்று பிடித்திருப்பவர் உண்மையாகவே உணர்கிறார்.

1990 இல் செருமனியின் காசல் நகரில் 30 கோல்காரர்களைக் கொண்டு ஒரு சோதனை நடைபெற்றது. தரைக்கு 50 செ.மீ. கீழே ஒரு குழாய் புதைக்கப்பட்டது. அதில் நீர் ஓடுகிறதா, இல்லையா என்பதை மட்டும் கூற வேண்டும். சோதனை முறை நேர்மையானது என்று அவர்கள் முன்னரே ஒப்புக்கொண்டிருந்தனர். முடிவோ, காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட மேலானதாக இல்லை.

எனினும் ஊரில் நீரோட்டம் பார்த்துத் தோண்டிய கிணறுகள் பலவற்றில் நீர் இருக்கிறதே என்று வினவலாம். நிலத்தடி நீர் பெரும்பாலும் ஆறுபோல் ஓடுவதில்லை. மணலின் இடுக்குகளிலும் பாறையின் வெடிப்புகளிலும் ஊறி நிற்கிறது. கங்கைச் சமவெளி போன்ற வண்டல் நிலத்தில் ஏறக்குறைய எங்குத் தோண்டினாலும் நீர் ஊறும். கடும்பாறை நிலத்திலோ நிலைமை வேறு. பத்து அடி தள்ளித் துளையிட்டாலும் ஏமாற்றமே மிஞ்சக்கூடும். மேலும், பல்லாண்டு பழகிய கண் நிலத்தின் சரிவையும் பசுமையையும் அறியும். நீரோட்டம் பார்ப்பவரின் திறமை கோலில் இல்லாவிடினும் கண்ணில் இருக்கலாம். அதனை இகழ வேண்டியதில்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் போன்ற அமைப்புகளின் நிலவியலாளர்களும் கம்பிகளோடுதான் வயலுக்கு வருகின்றனர். நான்கு உலோகக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் நிலத்தில் அடித்து, வெளியே உள்ள இரண்டின் வழியே மின்சாரம் செலுத்துகின்றனர். உள்ளே உள்ள இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளக்கின்றனர். வறண்ட கடும்பாறை மின்சாரத்தை மிகுதியாகத் தடுக்கும்; நீர் ஊறிய பாறை குறைவாகத் தடுக்கும். கம்பிகளுக்கு இடையே உள்ள தொலைவைக் கூட்டக் கூட்ட, மேலும் ஆழத்திலுள்ள நிலையை அறியலாம். இம்முறையும் சில நேரம் பிழைபடும். ஆனால் அளவுகள் தாளில் பதிவாகியிருக்கும். எங்கே பிழை நேர்ந்தது என்று மற்றொருவர் எடுத்துப் பார்க்க முடியும்.

சொற்பொருள்

கவை – இரண்டாகப் பிரிந்த கிளை
நிகண்டு – செய்யுள் வடிவிலான பழைய அகரமுதலி
வண்டல் – ஆறு கொண்டுவந்து சேர்த்த மண்

பயிற்சி

1. எமாரின் கோல் எவ்வாறு சோதிக்கப்பட்டது? அச்சோதனை முன்னரே நடந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? உம் கருத்தை எழுதுக.
2. செவ்ரேல் தம் கண்களைக் கட்டிக்கொண்டது ஏன்?
3. ஒரு மோதிரத்தை நூலில் கட்டித் தொங்கவிடுக. முதலில் கண் திறந்தும், பின்னர்க் கண்ணைக் கட்டியும் செவ்ரேலின் சோதனையைச் செய்க. கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் சொந்த ஊரில் கிணறு தோண்ட இடம் பார்த்த முறையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் வழங்கிய சொற்களிலேயே குறித்து வருக.