வழுக்கும் டைல்ஸ் தரையும் நழுவும் கால்மிதியும்
கடைக்காரர்கள் அறிய வேண்டிய பாடம்



நம் கடைகளின் தோற்றம் பெரிதும் மாறிவிட்டது. சிமெண்ட் தரையும், காவித் தரையும், கடப்பாக் கல்லும் இருந்த இடங்களில் இன்று குஜராத் மாநிலம் மோர்பியிலிருந்து வரும் பளபளப்பான டைல்ஸ் பதிக்கப்படுகிறது. கடை வெளிச்சமாகத் தெரிகிறது. பெருக்கித் துடைப்பதும் எளிது. தரை அழுக்காகிவிடக் கூடாதே என்று வாசலில் ஒரு கால்மிதியும், கல்லாவுக்கு முன்னால் ஒரு விரிப்பும் போடுகிறோம். அந்தக் கால்மிதியே ஆளை விழத்தட்டும் பொருளாகிவிடுவதைப் பலரும் கவனிப்பதில்லை.

விழுவதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தெரிவித்தது. அவர்களில் முதியவர்களே அதிகம். மாதாமாதம் பட்டியல் எழுதிக்கொண்டு வரும் வயதான வாடிக்கையாளர் நம் வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அவர் பழையபடி நடமாடுவதே சந்தேகம். ஒரு கால்மிதியைச் சரியாகப் போடுவதில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

கால்மிதி ஏன் நழுவுகிறது?

நாம் நடக்கும்போது கால் நேராகக் கீழே மட்டும் அழுத்துவதில்லை. குதிகால் ஊன்றும்போது முன்பக்கமாகவும், எட்டு எடுக்கும்போது பின்பக்கமாகவும் தரையைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலைத் தாங்குவது பிடிப்பு, அதாவது உராய்வு. செருப்புக்கும் கால்மிதிக்கும் இடையே நல்ல பிடிப்பு இருந்தாலும், கால்மிதிக்கும் டைல்ஸுக்கும் இடையே பிடிப்பு இல்லையென்றால் கால்மிதி ஆளோடு சேர்ந்து ஓடிவிடும். வெறும் தரையில் கால் சறுக்கினால் சிலர் சமாளித்துக்கொள்வார்கள். காலுக்கடியில் விரிப்பே ஓடும்போது சமாளிக்க நேரம் கிடைப்பதில்லை.

"கனமான ஆள் நின்றால் நழுவாது" என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியல்ல. எடை கூடினால் அழுத்தம் கூடுகிறது. ஆனால் நடக்கும்போது அவர் தள்ளும் விசையும் அதே அளவில் கூடுகிறது. ஆகவே ஒல்லியான ஆளுக்கு நழுவும் கால்மிதி பருமனான ஆளுக்கும் நழுவும்.

பிடிப்பைக் குறைப்பவை மூன்று: தண்ணீர், எண்ணெய், தூள். மளிகைக் கடையில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. அதிலும் தூளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மைதா, கடலை மாவு, கோலமாவு, சோப்புத்தூள் ஆகியவை கால்மிதியின் அடியில் புகுந்துகொண்டால், தரைக்கும் மிதிக்கும் நடுவே உருளைகள் போல வேலை செய்கின்றன. சிந்திய கடுகும் பாசிப்பயறும் இன்னும் மோசம். ரப்பர் அடிப்பாகம் உள்ள நல்ல மிதிகூட அடியில் மாவு படிந்தால் சாதாரணத் துணி போல நழுவும்.

கொக்கித் தராசைக் கொண்டே சோதிக்கலாம்

பிடிப்பு போதுமா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கொக்கித் தராசு போதும்.

தரையை வழக்கம்போலத் துடைத்துக் காயவிடுங்கள். கால்மிதியை விரித்து, அதன் நடுவில் அரிசி மூட்டை ஒன்றை வையுங்கள். மூட்டையும் மிதியும் சேர்த்து 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிதியின் ஓரத்தில் வலுவான கிளிப்பை மாட்டி, அதில் தராசின் கொக்கியைக் கோர்த்து, தரையை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். இழுக்கும் முன் தராசைப் படுக்கவைத்த நிலையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிதி நகரத் தொடங்கும் நேரத்தில் தராசு என்ன காட்டுகிறது என்று குறியுங்கள். அந்த எண்ணை மொத்த எடையால் வகுத்தால் கிடைப்பதே பிடிப்பின் அளவு.

4 கிலோவிலேயே நகர்ந்தால் 4-ஐ 20-ஆல் வகுக்க 0.2. அந்த மிதியை உடனே எடுத்துவிடுங்கள். 10 கிலோ வரை நகராமல் இருந்தால் 0.5. சமதரையில் இயல்பாக நடக்க 0.2 முதல் 0.3 வரை தேவைப்படும். சட்டென்று திரும்பும்போதும் அவசரமாக நடக்கும்போதும் தேவை கூடும். ஆகவே 0.5-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இதே சோதனையைத் தரையில் சிறிது தண்ணீர் தெளித்து இன்னொரு முறை செய்யுங்கள். மழைநாளில் கால்மிதி எப்படி நடந்துகொள்ளும் என்பது அப்போது தெரியும். இது தோராயமான சோதனைதான். ஆனாலும் நல்ல மிதி எது, கெட்ட மிதி எது என்று பிரித்துக் காட்டிவிடும்.

எங்கே போடலாம், எங்கே கூடாது?

முதலில் அந்த இடத்தில் விரிப்பு தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டை இறக்கும் வழியில் எந்த விரிப்பும் கூடாது. தோளில் 50 கிலோ மூட்டையைச் சுமந்து வருபவருக்குத் தம் கால் வைக்கும் இடம் தெரியாது. தள்ளுவண்டிச் சக்கரமும் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிவிடும். சரக்கு வரும் நேரம் வாசல் மிதியையும் எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட வேண்டும்.

படிக்கட்டின் மேல் விளிம்பிலும், சரிவான தளத்திலும் தனி விரிப்பு ஆபத்து. அங்கே சொரசொரப்பான ஒட்டும் பட்டைகளை டைல்ஸ் மீது நேரடியாக ஒட்டுவதே சரி. கண்ணாடிக் கதவு உள்ள கடையில் கதவின் அடி உரசாத அளவுக்கு மெல்லிய மிதியாக இருக்கட்டும். கதவு உரசி உரசி ஓரம் எழும்பினால் அதுவே தடுக்கி விழவைக்கும். நழுவாத மிதியும் ஓரம் சுருண்டிருந்தால் ஆபத்துதான்.

நழுவாமல் நிறுத்தும் வழிகள்

1. அடிப்பாகம் பார்த்து வாங்குதல். வெறும் தேங்காய் நார் மிதி, சணல் மிதி, துணி மிதி ஆகியவை டைல்ஸில் நிற்காது. அடியில் பி.வி.சி. பூச்சு உள்ள நார் மிதியோ, ரப்பர் அடி உள்ள மிதியோ வாங்குங்கள். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் வேண்டாம். மடித்துப் பார்த்தால் வெடிப்பு விடக் கூடாது.

2. அடியில் வலை விரித்தல். கையில் இருக்கும் ஜமுக்காளம், கம்பளம் போன்றவற்றுக்கு இது ஏற்றது. வலைபோல் துளைகள் உள்ள, தொட்டால் பிடிப்பாக இருக்கும் விரிப்பு மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. விரிப்பின் நான்கு புறமும் ஓர் அங்குலம் உள்ளடங்கும்படி வெட்டிப் போடுங்கள். அதே அளவுக்கு வெட்டினால் ஓரம் மேடாக எழும்பும். டைல்ஸுக்குக் கெடுதல் இல்லை. வினைல் ஷீட் ஒட்டிய தரையில் மட்டும் ரப்பரும் பி.வி.சி.யும் கறையை உண்டாக்கக்கூடும்.

3. இருபுறமும் ஒட்டும் டேப். மலிவானது, உடனே பலன் தருவது. தரை எண்ணெய்ப் பசையின்றிக் காய்ந்திருந்தால்தான் ஒட்டும். நான்கு ஓரமும், நடுவில் ஒரு வரியும் ஒட்டுங்கள். அடிக்கடி தூக்கித் துவைக்கும் மிதிக்கு இது ஏற்றதல்ல. டேப்பை எடுத்தபின் தரையில் தங்கும் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுச் சுரண்டலாம். பிறகு சோப்புத் தண்ணீரால் அந்த எண்ணெய் முழுவதும் போகக் கழுவ வேண்டும். இல்லையேல் ஓர் ஆபத்தை நீக்கி இன்னொன்றை வைத்தது போலாகும்.

4. சிலிக்கான் பசைக் கோடுகள். கண்ணாடிக்கும் தொட்டிக்கும் பூசும் சிலிக்கான் பசையை மிதியைக் கவிழ்த்துப் போட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடாக இழுத்து, லேசாகத் தட்டையாக்குங்கள். ஒரு முழு நாள் காயவிட்ட பின்பே தரையில் போட வேண்டும். காயுமுன் போட்டால் டைல்ஸோடு ஒட்டிக்கொள்ளும்.

5. தரையில் குழி அமைத்தல். புதிதாகக் கடை கட்டுவோரும் தரையை மாற்றுவோரும் இதைச் செய்யலாம். வாசலில் மிதியின் கனத்துக்குச் சரியாகக் குழி விட்டு, சுற்றிலும் சட்டம் வைத்து, மிதியை அதில் பொருத்தினால் மேற்பரப்பு தரைமட்டமாக இருக்கும். நழுவவும் முடியாது, தடுக்கவும் தடுக்காது. எல்லாவற்றிலும் சிறந்த முறை இதுவே.

புதிய டைல்ஸ் வாங்குவோர் வாசலுக்கும் எண்ணெய் அளக்கும் இடத்துக்கும் பளபளப்பில்லாத சொரசொரப்பு வகையைக் கேளுங்கள். ஜெர்மானிய முறைப்படி ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரம் குறிக்கிறார்கள். எண் கூடக்கூடப் பிடிப்பு அதிகம்.

மழைக்காலத்தில் கவனம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பழைய சாக்கையும், பிரித்த அட்டைப்பெட்டியையும் வாசலில் போடுவது நம்மிடையே பரவலான வழக்கம். பழைய சிமெண்ட் தரையில் இது ஓரளவு சரியாக இருந்தது. டைல்ஸ் தரைக்கு இது உதவாது. நனைந்த அட்டை கூழாகி வழுக்கும். நைலான் சாக்கு நனையுமுன்பே வழுக்கும். சணல் சாக்கு தண்ணீரை உறிஞ்சினாலும் தரையில் நிற்காது, காலிலும் சிக்கும்.

இதற்குப் பதிலாக இரண்டு மிதிகள் வையுங்கள். படிக்கு வெளியே சேறு வழிக்கத் துளையுள்ள ரப்பர் மிதி. உள்ளே ஈரம் உறிஞ்ச, ரப்பர் அடியுள்ள துணி மிதி. உள்ளே போடுவது இரண்டு மூன்று எட்டு வைக்கும் நீளமாவது இருக்க வேண்டும். ஒரே எட்டில் தாண்டிவிடும் சிறு மிதியால் செருப்பின் ஈரம் போகாது. உள் மிதி ஊறிவிட்டால் மாற்றுவதற்கு இன்னொன்று கைவசம் இருக்கட்டும். சொட்டும் குடைகளுக்கு வாசலிலேயே ஒரு வாளி வையுங்கள்.

எண்ணெய் சிந்தினால்

சிந்திய எண்ணெய் மீது சாக்கை இழுத்துப் போட்டு வியாபாரத்தைத் தொடரக் கூடாது. முதலில் ஒரு நாற்காலியையோ காலி டின்னையோ வைத்து அந்த இடத்தை மறியுங்கள். மரத்தூள் அல்லது தவிட்டைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். சோப்பின் மிச்சமும் வழுக்கும் என்பதை மறவாதீர்கள். அன்றாடம் துடைக்கும்போதும் சோப்புத்தூளை அளவுக்கு மேல் போட்டால் தரையில் மெல்லிய படலம் தங்கிவிடும். பக்கத்தில் இருந்த கால்மிதியின் அடியிலும் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

பராமரிப்பு

தினமும் கடை திறக்கும்போது மிதியைத் தூக்கி, உதறி, அடியிலுள்ள தரையைத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். மேலே மட்டும் பெருக்கிவிட்டுப் போவது பயன் தராது. வாரம் ஒருமுறை ரப்பர் அடியை ஈரத்துணியால் துடையுங்கள். பிடிப்பு போய்விட்டது என்று தூக்கியெறியும் பல மிதிகளுக்குத் தேவைப்பட்டது ஒரு கழுவல் மட்டுமே. கழுவிய பின் நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்துவிடும். வெடித்த மிதியைக் கிடங்குக்கு அனுப்பிப் பயன்படுத்த வேண்டாம். அங்கே நடப்பவர்களும் நம் ஆட்களே.

இந்த வேலையை "யாராவது செய்வார்கள்" என்று விடாமல் ஒரே ஊழியரிடம் ஒப்படையுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

கூச்சப்பட்டு உடனே எழுந்திருக்க முயல்வார்கள். நாமும் பதறிக் கைகொடுத்துத் தூக்குவோம். முதியவர் என்றால் அப்படிச் செய்ய வேண்டாம். இடுப்பிலோ காலிலோ கடும் வலி இருந்தாலும், காலை அசைக்க முடியவில்லை என்றாலும், தலையில் அடிபட்டு மயக்கம் இருந்தாலும், ஆளை நகர்த்தாமல் 108-க்குத் தகவல் கொடுங்கள். வீட்டாருக்கும் சொல்லுங்கள். உங்கள் கடை இன்சூரன்ஸ் பாலிசியில் வெளியாருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். தீயும் திருட்டும் மட்டுமே சேர்த்திருக்கும் பாலிசிகள் உண்டு.

கால்மிதி விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மில் பலர் கால்மிதியை விற்கவும் செய்கிறோம். வாங்க வருபவரிடம் "வீட்டில் என்ன தரை? பெரியவர்கள் இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். டைல்ஸ் என்றால் ரப்பர் அடியுள்ளதைக் காட்டுங்கள். துணி மிதிதான் வேண்டும் என்றால் அடியில் போடும் வலையையும் சேர்த்துக் காட்டுங்கள். நமக்கும் கூடுதல் விற்பனை, அவர் வீட்டுப் பெரியவருக்கும் பாதுகாப்பு.

இன்றே செய்ய வேண்டியவை

கடையிலுள்ள ஒவ்வொரு விரிப்பையும் காலால் தள்ளிப் பாருங்கள். நகர்வதை எடுங்கள். சுருண்ட ஓரமுள்ளதை மாற்றுங்கள். மூட்டை இறக்கும் வழியைக் காலியாக்குங்கள். மரத்தூள் ஒரு டின் நிரப்பி வையுங்கள். மாற்று மிதி ஒன்று வாங்குங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் வியாபாரத்தில் சிறு பகுதியே. நம்மை நம்பிப் படியேறி வருபவர் வந்தபடியே நல்ல காலோடு வீடு திரும்ப வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதும் வணிகரின் கடமையே.