எடை குறைந்த காருக்கு எவ்வளவு விறைப்பு வேண்டும்?

காரின் எடையைக் குறைத்தவர்கள் அடுத்துச் செய்ய ஆசைப்படுவது காயிலோவர் மாட்டி, காரைத் தரையோடு தரையாக இறக்கி, எல்லாவற்றையும் விறைப்பாக வைப்பது. நான் அதற்கு நேர் எதிரான கட்சி. எடை குறையக் குறைய சஸ்பென்ஷனை இளக்க வேண்டும். சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் விட வேண்டும்.

என்னுடையது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். 1989-இல் அறிமுகமான மாடல். நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன். ஏறத்தாழ 950 கிலோ எடையிலிருந்து ஸ்பேர் டயர், ஏசி, கார்ப்பெட், பக்கத்து இருக்கை, துணிக்கூரை என்று சுமார் 100 கிலோவை இறக்கிவிட்டேன். மலேசியாவின் செப்பாங் ஓடுதளத்தில் டிராக் டே அன்று ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கிறேன்.

இந்தக் காருக்குக் கடையில் கிடைக்கும் செட்டுகள் பலவற்றில் முன்பக்க ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 8 கிலோ. ஆனால் ஸ்பிரிங், ஆர்மின் முனையில் இல்லாமல் உள்ளே தள்ளி உட்காருவதால், அதில் ஏறக்குறைய பாதி விறைப்புதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். 4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலைக்கு 25 கிலோ குறைந்தால் கார் தானாகவே 6 மில்லிமீட்டர் எழும்பிவிடும். உயரத்தைத் திருகிச் சரிசெய்துவிடலாம், விறைப்பு அப்படியில்லை. மூலைக்கு 225 கிலோ தாங்கிய ஸ்பிரிங் இப்போது 200 தாங்கினால், எட்டில் ஒரு பங்கு விறைப்புக் கூடிய ஸ்பிரிங்கை மாட்டியதற்குச் சமம். அதனால்தான் நான் முன்னால் 7, பின்னால் 5 என்று இறங்கினேன். செப்பாங்கில் கெர்ப் மீது ஏறும்போது கார் தத்தாமல் தரையைப் பிடித்தபடி போவது உடனே தெரிந்தது.

ஸ்பிரிங் தட்டை மேலே திருகி இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று பட்டறைகளிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். சீரான சுருள் கொண்ட ஸ்பிரிங்கில் அப்படி நடக்காது, காரின் உயரம்தான் கூடும். அடிப்பகுதியையும் தனியாகத் திருகக்கூடிய செட்டாக இருந்தால், உயரத்தை அங்கேயே மாற்றுங்கள். டேம்பரின் ஓட்டம் குறையாமல் இருக்கும்.

அந்த ஓட்டத்தில் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போதும். டேம்பர் தண்டின் மேல் உள்ள ரப்பர் உறையை விலக்கி, தண்டைச் சுற்றி நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி, டேம்பர் உடலை ஒட்டித் தள்ளிவிடுங்கள். ஓட்டிவிட்டு வந்து ஜாக் வைத்துத் தூக்கினால் டை எங்கே நிற்கிறதோ, அதுவரை தண்டு உள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டி நின்றால் கார் மிகத் தாழ்ந்திருக்கிறது. வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப் மோதினால் அந்த மூலையின் விறைப்பு சட்டென்று பல மடங்காகும், பிடி விட்டுப்போகும். இந்தக் காரை அளவுக்கு மீறி இறக்கியவர்கள் "விறைப்பாக இருக்கிறது" என்று மெச்சுவது பெரும்பாலும் இந்த ரப்பரைத்தான்.

உயரம் முடிவானதும் தவறாமல் செய்ய வேண்டிய ஒன்று, ஆர்ம்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்கள் தரையில் நிற்க காரின் முழு எடையும் இறங்கியிருக்கும்போது மறுபடி இறுக்குவது. ரப்பர் புஷ்கள் உலோகத்தோடு ஒட்டியவை. பழைய உயரத்திலேயே இறுக்கி விட்டால் முறுக்கிக்கொண்டு நிற்கும், தாமும் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும். எடைத் தட்டில் வரும் எண்களை இந்த முறுக்கு கெடுக்கும்.

அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட். முன்பக்கம் நெகடிவ் கேம்பர் 2.5 டிகிரி, டோ பூஜ்யம். பின்பக்கம் 2 டிகிரி, துளி டோ-இன். எனக்கு இது ஒத்துவந்தது.

நான்கு மூலை எடைக்கு வருவோம். ஆன்டி-ரோல் பார் இணைப்பைக் கழற்றி, பாதி டேங்க் பெட்ரோலுடன், ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு மணல் மூட்டை வைத்து அளப்பேன். வலது முன்னும் இடது பின்னும் சேர்ந்து மொத்தத்தில் 50 சதவீதம் வரவேண்டும். ஒரு மூலையை உயர்த்தினால் அதுவும் அதன் குறுக்கெதிர் மூலையும் எடை வாங்கும், மற்ற இரண்டும் இழக்கும். வேண்டிய மாற்றத்தை ஒரே மூலையில் திருகாமல் நான்குக்கும் பங்கிட்டால் உயரம் கலையாது. ஆனால் வலப்பக்கம் மொத்தமாகக் கனத்திருப்பதை எந்தத் திருகலும் மாற்றாது. பக்கத்து இருக்கையைக் கழற்றிய வலதுகை ஓட்டக் காரில் இது நிச்சயம் இருக்கும். பொருள்களை இடப்பக்கம் நகர்த்துவது ஒன்றுதான் வழி.

டேம்பர் குமிழை முழு இறுக்கத்திலிருந்து எண்ணுங்கள். அந்த முனை எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். பிறகு முழுக்க இளக்கிவிட்டு ஓட்டத் தொடங்கி, கார் மேடு கடந்தபின் ஆடுவது நிற்கும் வரை இரண்டு இரண்டு கிளிக்காக இறுக்குங்கள். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். கார் படிப்படியாகத் தாழ்ந்து பம்ப் ஸ்டாப்பில் உட்காரும். எடை குறைந்த காரில் இது சீக்கிரமே நேரும், ஏனென்றால் அதே டேம்பர் அடக்க வேண்டிய எடை குறைவு.

செப்பாங்கில் பிற்பகல் மழை அடிக்கடி வரும். மேகம் திரண்டால் பின்பக்க ஆன்டி-ரோல் பாரின் ஒரு பக்க இணைப்பைக் கழற்றிவிடுவேன். நான்கு டேம்பர்களையும் சில கிளிக் இளக்குவேன். உயரத்தையும் கேம்பரையும் தொடமாட்டேன்.