தேர்தல் முடிவும் தலைமைத் தெரிவும்

தேர்தலொன்று நிறைவுற்றபின் இரு வினாக்கள் எழுகின்றன. மக்களால் தெரிந்தெடுக்கப்பட்டோர் யாவர் என்பது ஒன்று. அங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்டோர் தமக்குத் தலைவராக எவரை ஏற்பர் என்பது மற்றொன்று. முன்னையதற்கு வாக்குச் சீட்டு விடை கூறும். பின்னையதற்கு உறுப்பினரின் நம்பிக்கையே விடை கூறும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் மனத்தாங்கல்கள் பல. நமது கிழக்கு மாகாண சபையின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், தேர்தல் முடிவை மறுப்போரின் நிலையை நோக்குவோம். முற்காலத்தில் இங்கிலாந்தின் பொதுமக்கள் சபை தன் உறுப்பினரைப் பற்றிய தேர்தல் வழக்குகளைத் தானே விசாரித்தது. உறுப்பினரோ வழக்கின் நியாயத்தை நோக்காது, தத்தம் கட்சியின் நன்மையை நோக்கியே தீர்ப்பளித்தனர். 1770 இல் கிரென்வில் கொணர்ந்த சட்டம் அவ்வதிகாரத்தைச் சபையின் குழுக்களிடம் ஒப்படைத்தது. அதுவும் போதாதெனக் கண்டபின், 1868 இல் அது நீதிபதிகளிடம் சென்றது. இலங்கையும் இம்மரபையே தழுவியது. பாராளுமன்றத் தேர்தல் மனுக்களை விசாரிப்பது இன்று மேன்முறையீட்டு நீதிமன்றம். முடிவு வர்த்தமானியில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் மனுத் தாக்கல் செய்யப்படல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவிலோ சனாதிபதித் தேர்தலின் முடிவைச் சட்டமன்ற உறுப்பினரே மறுத்துரைக்கும் வழி திறந்திருந்தது. ஒவ்வொரு சபையிலும் ஒருவர் கையொப்பமிட்டாலே போதும். நீதிமன்றங்கள் வழக்குகளைத் தள்ளிவிட்ட பின்னரும், 2021 ஜனவரி 6 ஆம் நாள் தொடங்கிய அமர்விலே 147 உறுப்பினர் சில மாநிலங்களின் முடிவை ஏற்க மறுத்து வாக்களித்தனர். 2022 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டாலன்றி மறுப்பு எடுத்துக்கொள்ளப்படாது. வாக்குகளின் செம்மையை ஆராய்தல் நீதிமன்றின் கடன் என்பதே இவ்விரு நாடுகளின் அனுபவம் கற்பிக்கும் பாடமாகும்.

தலைமைத் தெரிவு அத்தகையதன்று. அதற்குச் சட்டம் ஓர் எல்லையை மட்டுமே வகுக்கின்றது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி, சபையின் பெரும்பான்மையோரின் ஆதரவைப் பெறவல்லவர் எனத் தாம் கருதும் உறுப்பினரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்க வேண்டும். ஒரு கட்சி பாதிக்கு மேற்பட்ட ஆசனங்களைப் பெற்றிருப்பின், சபையில் அக்கட்சியின் தலைவராக உள்ளவரையே நியமித்தல் வேண்டும். ஆளுநரின் கருத்தும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. 1993 ஆம் ஆண்டுத் தேர்தலின்பின் வடமேல் மாகாணத்தில் எழுந்த பிரேமச்சந்திர வழக்கில், அந்நியமனம் நீதிமன்றின் மீளாய்வுக்கு உட்பட்டதென உயர் நீதிமன்றம் கூறிற்று. இந்திய உச்ச நீதிமன்றமும் 1994 இல் பொம்மை வழக்கில், பெரும்பான்மையை அறியவேண்டிய இடம் சட்டமன்றமே என வரையறுத்தது.

ஆயினும், கட்சி தன் தலைவரை எவ்வாறு தெரிதல் வேண்டும் என்பதைச் சட்டம் கூறவில்லை. அம்மௌனத்தின் பயனை நாம் 2008 இல் கண்டோம்.

கிழக்கு மாகாண சபையின் ஆசனங்கள் 37. அவற்றுள் மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14, திருகோணமலைக்கு 10; எஞ்சிய இரண்டும் முதலிடம் பெறும் கட்சிக்குரிய போனஸ் ஆசனங்கள். 2008 மே 10 ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 20 ஆசனங்களையும், முஸ்லிம் காங்கிரஸ் இணைந்து போட்டியிட்ட ஐக்கிய தேசியக் கட்சி 15 ஆசனங்களையும் பெற்றன. முறைகேடுகள் நிகழ்ந்தன என எதிர்க்கட்சிகள் முறையிட்டன. ஆனால் அதனினும் கூர்மையான பூசல் வென்றோர் அணியினுள்ளேயே மூண்டது. தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் சிவநேசதுரை சந்திரகாந்தனா, காத்தான்குடியின் ஹிஸ்புல்லாஹ்வா முதலமைச்சர் என்பதே வினா. தம் சமூகத்தவர் மிகுதியாகத் தெரிவாகியிருப்பதால் பதவி தமக்கே உரியது என ஹிஸ்புல்லாஹ் தரப்பினர் வாதிட்டனர். மே 16 ஆம் நாள் சந்திரகாந்தன் பதவியேற்றார். ஹிஸ்புல்லாஹ் பின்னர் மாகாண அமைச்சரானார்.

வாவியின் இருமருங்கும் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர் என்பது நம்மவர் வழக்கு. அவ்வாழ்வு போர்க்காலத்தில் பட்ட காயங்கள் ஆறாதிருந்த வேளையில், தலைமைத் தெரிவு இனக் கணக்காக மாறியமை எத்துணை ஆபத்தானது என்பதை விளக்கவேண்டுவதில்லை.

2012 செப்டெம்பர் 8 ஆம் நாள் நடைபெற்ற தேர்தல் வேறொரு பாடத்தைத் தந்தது. கூட்டமைப்பு 14, தமிழரசுக் கட்சி 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1 என ஆசனங்கள் அமைந்தன. பெரும்பான்மைக்கு 19 வேண்டும். பதினொன்றும் ஏழும் கூடினால் 18; ஒன்று குறைவு. அவற்றோடு நான்கும் சேர்ந்தால் 22. பதினான்கும் ஏழும் கூடினாலோ 21. ஆகவே எவ்வழியிலும் தீர்ப்புக்கூறும் துலாக்கோல் ஏழு உறுப்பினரின் கையிலேயே இருந்தது. முஸ்லிம் காங்கிரஸ் கூட்டமைப்பை ஆதரித்தது. நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2015 பெப்ரவரியில், மத்தியில் ஆட்சி மாறியபின், அக்காங்கிரஸின் ஏறாவூர் நஸீர் அஹமட் அப்பதவியை ஏற்றார். பதினொருவரைக் கொண்ட தமது அணிக்கே அது உரியதெனத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் மறுப்புரைத்தனர். ஆயினும் சில வாரங்களுள் அவர்தம் அணியிலிருந்து துரைராசசிங்கம் விவசாய அமைச்சராகவும், தண்டாயுதபாணி கல்வி அமைச்சராகவும் அவ்வரசில் இணைந்தனர்.

இம்மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அது எண்ணிக்கை பற்றிய நியாயமேயன்றிச் சட்டத்தின் நியாயமன்று. பெரிய அணி எது என்று சட்டம் வினவவில்லை. பெரும்பான்மையோரின் நம்பிக்கை எவரிடம் உளது என்றே வினவுகின்றது. 2008 இல் அணிக்குள்ளே பொருத்தம் இல்லாதது குறை. 2015 இல் அணிகளுக்கிடையே முற்கூட்டிய உடன்பாடு இல்லாதது குறை. இரண்டிலும் வாக்கெண்ணிக்கை பிழைபட்டதால் பூசல் எழவில்லை. மக்கள் வாக்களிக்கும் வேளையில், தாம் அளிக்கும் வாக்கு எவரைத் தலைவராக்கும் என அறியாதிருந்ததாலேயே எழுந்தது.

ஆகவே கொள்ளத்தக்க முடிவுகள் மூன்று. முடிவின் செம்மையில் ஐயமுடையோர் சான்றுகளுடன் நீதிமன்றை நாடுக; தீர்ப்பின்பின் அடங்குக. தலைமையில் ஐயமுடையோர் சபையிலே தம் வலிமையைக் காட்டுக. கூட்டுச் சேர்ந்து போட்டியிடுவோர், தலைவரைத் தெரியும் முறையை வாக்கெடுப்புக்கு முன்னரே எழுத்தில் வகுத்து மக்களுக்கு அறிவிக்குக.

2017 செப்டெம்பர் 30 ஆம் நாளோடு கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிவுற்றது. அதன்பின் பல ஆண்டுகள் புதிய தேர்தலின்றியே கழிந்தன. மீண்டும் அச்சபை கூடும் நாளில் அதன் ஆசனங்களில் அமரப்போவோருள் இன்றைய மாணவரும் இருத்தல் கூடும். பாடசாலையின் மாணவர் பாராளுமன்றத்திலே சபாநாயகரைத் தெரியும்போதே இவ்வேறுபாட்டை அவர்கள் பழகிக்கொள்வராயின், தோற்றவர் முகங்கோணாமலும் வென்றவர் செருக்காமலும் ஒரே சபையில் அமரும் பண்பு இம்மண்ணில் வேரூன்றும்.